ஐந்தாய் ஓடும் ஆறு

நார்வேயின் தெற்கே
ஸ்வெல்தோ என்றொரு ஆறு.
ஏப்ரல் பதினேழு, பின்னிரவு மூன்றே கால்.
அமிலமானியின் முள் ஐந்தில் நின்றது.

ஐந்தாய் ஓடும் ஆற்றை
ஆறாக்க வேண்டும்.
யோருனின் வேலை அவ்வளவுதான்.
அவள் மொழியில் இது சிலேடை ஆகாது.
அவளுக்கு இது சம்பளம்.

பனி உருகும் வாரம் பொல்லாத வாரம்.
குளிர்காலம் முழுக்க வானம் சேர்த்துவைத்த புளிப்பு
ஒரேயடியாய் இறங்கும்.
கடலுக்கு அப்பால் என்றோ யாரோ எரித்த நிலக்கரி;
அந்தப் புகைபோக்கிகளை இடித்துவிட்டு
அங்கே கார் நிறுத்துகிறார்களாம்.
இங்கே மண் இன்னும்
பழைய பாக்கியைக் கட்டிக்கொண்டிருக்கிறது.
மலையோ கருங்கல்.
சுண்ணாம்புக் கல்லென்றால் தானும் கொஞ்சம் கரைந்து
புளிப்பை வாங்கிக்கொண்டிருக்கும்.
இதற்குக் கரைந்து கொடுக்கத் தெரியாது.

அதனால் கரையில் ஒரு தகரக் கோபுரம்,
வயிற்றில் நாற்பது டன் சுண்ணாம்புத் தூள்.
வெற்றிலை என்றால் என்னவென்றே அறியாத ஊரில்
இத்தனை சுண்ணாம்பு!

கோபுரத்தின் அடியறையில் ஒரு நோட்டு.
பகலுக்கு அஸ்லாக், இரவுக்கு யோருன்.
ஒருவர் வண்டி போனபின்தான் மற்றவர் வண்டி வரும்.

"திருகுக் குழாயில் சத்தம். எண்ணெய் விட்டேன். 6.1"
"சத்தம் போகவில்லை. நானும் விட்டேன். 6.1"
"காபித் தூள் தீர்ந்தது. 6.2"
"வாங்கி வைத்தேன். உன் கோப்பையைக் கழுவு. 6.1"

மாதக் கடைசியில் புரட்டிப் பார்க்கும் அதிகாரி
ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கிறதே என்பார்.

ஒன்றும் நடக்காமலிருக்க
எவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது.
ஒரு துளிக்குள்ளே
பிரிகிறவை பிரிந்தபடி, சேர்கிறவை சேர்ந்தபடி;
இரண்டுக்கும் ஒரே வேகம் என்பதால்
முள் தூங்குவதுபோல் தெரிகிறது.
பள்ளிக்கூடப் பலகையில்
எதிரெதிராய் வரைந்த இரண்டு அம்புகளை
யோருன் சமன்குறி என்றே நினைத்திருந்தாள்.
தேர்விலும் அப்படியே போட்டு
நாலு மதிப்பெண் போனது.

இன்றிரவு திருகுக் குழாய் நின்றுவிட்டது.
ஈரம் பட்டுத் தூள் கட்டிதட்டிவிட்டது.
ஆறுக்கும் ஐந்துக்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்பது
விரல்விட்டு எண்ணுபவர் கணக்கு.
இந்த ஏணியில் ஒரு படி இறங்கினால்
புளிப்பு பத்து மடங்கு.
மண்ணிலிருந்து அலுமினியம் கசிந்து
செவுள்களில் படியும்.
கடலுக்குப் புறப்படவிருக்கும் சால்மன் குஞ்சுகளுக்கு
வாசலிலேயே மூச்சு முட்டும்.

அஸ்லாக்குக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை.
மூட்டைகளைப் பாலத்துக்கு இழுத்து வாயைக் கிழித்தாள்.
நிமிடத்துக்கு இரண்டு மண்வெட்டி.
விழுந்த இடத்தில் நீர்
அரிசி களைந்ததுபோல் வெளுத்து, நீண்டு, மறைந்தது.
சண்டை நடந்ததற்குச் சத்தமில்லை,
முடிந்ததற்கும்.

ஐந்தரை ஆயிற்று முள்.
தோளைத் தேய்த்துக்கொள்ள ஒரு நிமிடம் நின்றாள்.
முள் இறங்கியது.
பாடப்புத்தகம் மூடிய பாத்திரத்தைப் பற்றித்தான் சொல்லியிருந்தது.
ஆற்றுக்கு மூடி இல்லை.
இப்போது போட்டது இப்போது வந்த தண்ணீருக்கு;
அது போய்விட்டது,
பின்னாலேயே புதுத் தண்ணீர்
புதுப் புளிப்போடு வந்து நிற்கிறது.
வருகிற வேகத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான்
நேற்றுப்போல் இருக்கலாம்.

ஐந்தே முக்காலுக்கு வண்டி விளக்கு.
அஸ்லாக் ஒரு காலில் மட்டும் காலுறையோடு வந்தான்.
கையெழுத்தாய் மட்டும் அறிந்த ஆள்
இவ்வளவு உயரமா என்று நினைத்தாள்.
அவன் எதுவும் கேட்காமல் இன்னொரு மண்வெட்டியை எடுத்தான்.
அவள் போட, அவன் போட,
அவள் போட.

விடிந்த பிறகு குழாயைக் குத்தித் திறந்தார்கள்.
அவளுடைய பிளாஸ்கில் மிச்சமிருந்ததை
இரண்டு கோப்பையில் ஊற்றினாள்;
ஒன்று, கழுவாத அவன் கோப்பை.
நோட்டில் என்ன எழுதுவது என்று யோசித்து
எண்ணை மட்டும் எழுதினாள்.

காபி ஆறியிருந்தது.
ஆறும்.